பேட்டரியை மாற்றும் முன் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்

மாசி, பங்குனி மாதங்களில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கு நெல் கொண்டு செல்லும் உழவர்களுக்கு வரிசையில் நிற்பது பழகிப்போன ஒன்று. சம்பா அறுவடை சுற்று வட்டாரம் முழுவதும் ஒரே சமயத்தில் நடப்பதால் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் இரவெல்லாம் காத்திருக்க நேரிடுகிறது. முன்வண்டி பத்தடி நகர்ந்தால் நாமும் பத்தடி நகர்த்தி, டீசல் வீணாகாமல் இருக்க எஞ்சினை நிறுத்தி விடுகிறோம். விடியற்காலையில் நமது முறை வரும்போது சாவியைத் திருப்பினால் "டக்" என்ற ஒரு ஓசையோடு சரி. தள்ளிப் பார்க்கலாம் என்றால் டிரெய்லரில் ஐம்பது மூட்டை நெல் இருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அந்த அவசரத்தில் எவரும் எடுக்கும் முடிவு, "பேட்டரி போய்விட்டது, புதிது வாங்கிவிடலாம்" என்பதே.

பல சமயங்களில் இது தவறான முடிவு. செஞ்சிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் ஓர் உழவர் ஒரே ஆண்டில் இரண்டு பேட்டரிகள் மாற்றியிருந்தார். இரண்டாவதும் ஒரு மாதத்தில் படுத்துவிட்டது. "கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்" என்பது அவருடைய குறை. வண்டியைப் பார்த்தபோது பேட்டரியின் ஆறு அறைகளும் நல்ல நிலையில்தான் இருந்தன, மின்னேற்றம் மட்டுமே இல்லை. "முகப்புப் பலகையில் சார்ஜ் விளக்கு சிவப்பாக எரிகிறதா?" என்று கேட்டதற்கு, "எரியவே எரியாதுங்க. அது எரிந்தால்தானே கோளாறு?" என்றார். கோளாறே அங்குதான் இருந்தது. அந்தச் சிறு பல்பு உருகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சில ரூபாய் பெறும் பல்பை மாற்றியதும் ஆல்டர்னேட்டர் வேலை செய்யத் தொடங்கியது.

இந்த உழவரைப் போலப் பலரும் ஏமாறுவதற்கு ஒரு காரணம் உண்டு. புதிய பேட்டரி கடையிலிருந்து வரும்போதே மின்னேற்றத்தோடு வருகிறது. ஆதலால் ஆல்டர்னேட்டர் முற்றிலும் செயலிழந்திருந்தாலும் சில நாட்களோ சில வாரங்களோ வண்டி நன்றாகவே கிளம்பும். "பேட்டரி மாற்றினேன், சரியாகிவிட்டது" என்று நாம் நம்பிவிடுகிறோம். உண்மையில் சரியானது எதுவுமில்லை.

பற்றும் வரவும்

பேட்டரியை ஒரு நெற்குதிர் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் அதிலிருந்து மூட்டை மூட்டையாக எடுக்கிறது. ஆல்டர்னேட்டர் படியால் அளந்து திரும்பப் போடுகிறது. எடுப்பது சில நொடிகள், போடுவது நெடுநேரம்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். டிராக்டர்களில் பெரும்பாலும் 12 வோல்ட், ஏறத்தாழ 80 முதல் 90 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி உள்ளது. டீசல் எஞ்சினைச் சுற்றும்போது ஸ்டார்ட்டர் 250 ஆம்பியர் வரை இழுக்கும். எட்டு நொடி சுற்றினால் அரை ஆம்பியர்-மணிக்குச் சற்று மேல் செலவு. ஓர் இரவில் இருபது முறை கிளப்பினால் 11 ஆம்பியர்-மணி. முகப்பு விளக்குகள் இரண்டும் தலா 55 வாட் என்றால் மணிக்கு 9 ஆம்பியர் வீதம், எஞ்சின் ஓடாமல் இரண்டு மணி நேரம் எரிந்தால் 18. ஆக மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடுகிறது. பாட்டுப்பெட்டி ஓடினால் அது தனி. வரவு என்ன? ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் மந்த ஓட்டத்தில் நகர்ந்தது மட்டுமே. மந்த ஓட்டத்தில் ஆல்டர்னேட்டர் மிகக் குறைவாகவே மின்சாரம் தரும். இருபது நிமிடத்தில் இரண்டு ஆம்பியர்-மணி திரும்பினாலே பெரிது. இந்நிலையில் நல்ல பேட்டரியும் களைத்துப் போகும். அதற்காக அதைக் குறை சொல்வது நியாயமன்று. வரிசையில் நிற்கும்போது விளக்கை அணைத்துவிடுவதும், மறுநாள் வயலில் இரண்டு மூன்று மணி நேரம் உழவு வேகத்தில் ஓட்டுவதும் போதும்.

ஆனால் உழவு ஓட்டிய பின்னரும் மறுநாள் கிளம்பவில்லை என்றால் ஆராய வேண்டியதுதான். இதற்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். நாலு டிராக்டர் உள்ள தெருவில் ஒன்று இருந்தால் எல்லோருக்கும் உதவும். அதில் 20 வோல்ட் நேர்மின்சார அளவை வைத்து, சிவப்புக் கம்பியைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் கறுப்பை நெகட்டிவ் முனையிலும் நேரடியாக ஈயத் தலையில் தொட வேண்டும்.

மூன்று அளவுகள்

முதல் அளவை விடியற்காலையில், வண்டியைத் தொடுவதற்கு முன் எடுக்கவும். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த பேட்டரி 12.5 முதல் 12.7 வோல்ட் வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. நம் நாட்டு வெப்பத்திற்காகச் சற்று நீர்த்த அமிலம் நிரப்பிய பேட்டரிகளில் 12.5 என்பதே நிறைவு. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்கும் கீழே என்றால் காலி என்றே கொள்ளலாம். வண்டியை நிறுத்திய உடனே அளந்தால் பொய்யாக அதிகம் காட்டும். ஆகவே மாலையில் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

இரண்டாவது அளவுக்கு இன்னொருவர் துணை தேவை. எஞ்சின் கிளம்பாதபடி டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்துக் கொண்டு, ஒருவர் ஐந்து நொடி செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். 10 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பேட்டரி திடமானது. ஓய்வில் 12.5 காட்டிய பேட்டரி செல்ஃப் அடிக்கும்போது 9.5க்கும் கீழே விழுந்தால் உள்ளே ஏதோ ஓர் அறை கெட்டிருக்கக் கூடும், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டாரே இறுகி அளவுக்கு மேல் இழுக்கக் கூடும். மாறாக, வோல்ட் கீழே விழாமல் 12க்கு அருகிலேயே நிற்க, ஸ்டார்ட்டர் மட்டும் சுற்றாவிட்டால் மின்சாரம் அதனிடம் போய்ச் சேரவில்லை என்று பொருள். அங்கே பேட்டரிக்குச் செலவிடுவது வீண்.

மூன்றாவது அளவுதான் பலரும் எடுக்காதது. எஞ்சினைக் கிளப்பி, நிமிடத்திற்கு 1,500 சுற்று அளவில் வைத்து அளக்கவும். 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாக வேலை செய்கிறது. விளக்குகளைப் போட்ட பின்னும் 13.5க்கு மேல் நிற்க வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் ஓய்வில் இருந்த அதே 12.3, 12.4 தான் என்றால் மின்னேற்றமே இல்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது. தண்ணீர் அடிக்கடி வற்றுவது, அழுகிய முட்டை நாற்றம், பேட்டரியின் பக்கங்கள் உப்புவது, விளக்குகள் அடிக்கடி உருகிப்போவது எல்லாம் இந்த மிகை மின்னேற்றத்தின் அடையாளங்கள்.

காருக்கும் வேனுக்கும் இதே சோதனைகள்தாம். அண்மைக் காலக் கார்கள் சிலவற்றில் கணினியே தேவைக்கேற்ப மின்னேற்றத்தைக் கூட்டிக் குறைப்பதால் மூன்றாவது அளவு மாறி மாறி வரலாம். அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை.

சார்ஜ் விளக்கு சொல்லும் செய்தி

மீட்டர் இல்லாத இடத்தில் சார்ஜ் விளக்கே மீட்டர். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினால் அது எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பியதும் அணைய வேண்டும். இரண்டையும் பார்க்கப் பழகுங்கள். பல ஆல்டர்னேட்டர்களில், உள்ளே சுழலும் பகுதியைக் காந்தமாக்குவதற்கான முதல் மின்சாரம் இந்தப் பல்பின் வழியாகத்தான் செல்கிறது. பல்பு உருகினாலோ, எலி அந்த மெல்லிய கம்பியைக் கடித்தாலோ, கரித்துண்டுகள் தேய்ந்தாலோ விளக்கு எரியாது, காந்தமும் உண்டாகாது. சில வண்டிகளில் வேகம் கூடியதும் ஆல்டர்னேட்டர் தானாகவே தொடங்கிவிடும். டிராக்டரில் வேகம் குறைவு என்பதால் அதை நம்பியிருக்க முடியாது.

விளக்கு எஞ்சின் ஓடும்போதும் அணையாமல் இருந்தால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். இரு புல்லிகளுக்கும் நடுவே கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் தளர்ச்சி. இழுத்துக் கட்டியும் வழுக்குகிறதா? பெல்ட் தேய்ந்து புல்லியின் அடிப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். அடிப்பள்ளம் கண்ணாடி போலப் பளபளப்பதே சான்று. பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் பெல்ட் இழுக்க வேண்டும், ஆதலால் அந்தப் பெல்ட்டை மாற்றுவதே வழி. அடுத்து ஆல்டர்னேட்டரின் பின்புறத் தடித்த கம்பியின் நட்டு தளர்ந்து கருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்விரண்டும் சரியாக இருந்த பின்னரே ஆல்டர்னேட்டரைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

இனி, இங்கே ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடிக் கொண்டிருக்கும்போது பேட்டரி கம்பியைக் கழற்றிப் பார்த்து, "வண்டி நிற்கவில்லை, சார்ஜ் ஏறுகிறது" என்று தீர்ப்புக் கூறும் மெக்கானிக்குகள் இன்றும் உள்ளனர். இது டைனமோ காலத்துப் பழக்கம். 1960இல் அமெரிக்காவின் கிறைஸ்லர் நிறுவனம் தன் கார்களில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தத் தொடங்கிய பின், டைனமோ படிப்படியாக எல்லா வண்டிகளிலிருந்தும் விடைபெற்றது. ஆல்டர்னேட்டர் உண்டாக்குவது மாறுமின்சாரம். அதை நேர்மின்சாரமாக மாற்றுவது உள்ளேயுள்ள டையோடுகள். ஓடும்போது பேட்டரியைப் பிரித்தால் மின்னழுத்தம் திடீரெனப் பன்மடங்கு உயர்ந்து டையோடையும் ரெகுலேட்டரையும் ஒரு கணத்தில் எரித்துவிடலாம். மேலும், டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மின்சாரமே தேவையில்லை என்பதால், டிராக்டர் நிற்காமல் ஓடுவது எதையும் மெய்ப்பிக்காது! கலப்பையையோ கேஜ் வீலையோ டிராக்டரில் மாட்டியபடியே வெல்டிங் செய்வதும் இதே கேட்டை விளைவிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் இரு கம்பிகளையும் கழற்றிவிட வேண்டும். பேட்டரியை முனை மாற்றிப் பொருத்தினாலும் டையோடுகள் தப்பாது. சில பழைய டைனமோ வண்டிகளில் பாசிட்டிவ் முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். அத்தகைய வண்டியை வாங்கியவர்கள் பழைய கம்பி எப்படி இருந்ததென்று குறித்துக் கொண்ட பிறகே கழற்ற வேண்டும்.

கம்பியும் முனையும்

ஸ்டார்ட்டர் இழுக்கும் 250 ஆம்பியர் மின்சாரம் கடக்க வேண்டிய பாதையில் சிறு துருகூடப் பெரிய தடையாகும். முகப்பு விளக்கைப் போட்டுக் கொண்டு செல்ஃப் அடித்துப் பாருங்கள். விளக்கு சற்றே மங்கி எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியில் சரக்கு இல்லை. "டக்" என்று ஒரு சத்தம் வந்து விளக்கு அடியோடு அணைந்துவிட்டால் முனையில் பிடிப்பில்லை. விளக்கு பிரகாசமாகவே எரிய, சத்தம் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டரிலோ அதன் மேலுள்ள சாலினாய்டிலோ குறை.

முனைகளில் பூக்கும் வெண்பச்சைப் பொடியை, ஆப்பசோடா கரைத்த வெந்நீர் ஊற்றித் தேய்த்துக் கழுவவும். கரைசல் மூடித் துளைகள் வழியே உள்ளே போகக் கூடாது. உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கி முடுக்கிய பிறகு மேலே வாசலைன் பூசலாம். முதலில் கிரீஸ் தடவிவிட்டு முடுக்குவது தவறு. தளர்ந்த கிளாம்பில் ஆணி அடிப்பதும் தகரத்துண்டு செருகுவதும் நம் ஊர்களில் வழக்கம். அந்த ஆணி அன்றைக்கு வண்டியைக் கிளப்பிவிடும், ஆனால் ஒரு மாதத்தில் முனையை அரித்துவிடும். புதுக் கிளாம்பின் விலை மிகக் குறைவு. நெகட்டிவ் கம்பி சட்டத்தோடு சேருமிடத்தையும் மறக்க வேண்டாம். சேற்று உழவுக்குப் பின் அங்கே துரு ஏறுவது நிச்சயம். அந்தப் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டுப் பூட்டினாலே குணமாகும் வண்டிகள் பல.

மின்னேற்றம் சரி, முனைகளும் சரி, ஆனால் இரண்டு நாள் நிறுத்தினால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, முனைக்கும் கம்பிக்கும் இடையே ஒரு சிறு 12 வோல்ட் பல்பைப் பிடித்துப் பாருங்கள். பல்பு எரிந்தால் மின்சாரம் எங்கோ போய்க் கொண்டிருக்கிறது. பியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொண்டே வரவும். எதை எடுத்தபோது பல்பு அணைகிறதோ அந்த வழியில்தான் குறை. செல்போன் சார்ஜரும் பின்னால் சேர்த்த விளக்குகளும் பாட்டுப்பெட்டியும் முதல் சந்தேகத்திற்குரியவை. எந்தப் பியூஸை எடுத்தும் அணையவில்லையானால் டையோடு ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடாத விடியற்காலையில் ஆல்டர்னேட்டரைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது இதன் அடையாளம்.

வெயிலும் தண்ணீரும்

செஞ்சியின் கருங்கல் மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி இரவிலும் அனலை வீசுவது இவ்வூராருக்குத் தெரியும். பேட்டரிக்கு இந்த வெப்பம் ஆகாது. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் உள்ளே நடக்கும் அரிப்பும் தானாக இறங்கும் வேகமும் ஏறக்குறைய இரு மடங்காகும். கோடையில் டிராக்டரைப் பாறை ஓரத்திலோ தகரக் கொட்டகையிலோ நிறுத்துவதைவிட, புளிய மரத்தடியில் நிறுத்துவது மேல். உழவில்லாத மாதங்களில் சும்மா கிடக்கும் பேட்டரியில் தகடுகளின் மீது வெள்ளை உப்புப் படிந்து இறுகிவிடும். அதன் பிறகு எத்தனை சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. ஆகவே மாதம் ஒருமுறையாவது வெளியே எடுத்து, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில், அதாவது 88 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு 9 ஆம்பியர் அளவில், சார்ஜ் செய்து வைக்கவும். ஐந்து நிமிடம் எஞ்சினை ஓட்டி நிறுத்துவது, கிளப்பியதில் செலவானதை ஈடுகட்டுமே தவிர வேறு பயன் தராது.

மூடி கழற்றக் கூடிய பேட்டரியில் தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் திரவம் நிற்க வேண்டும். குறைந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றவும். கிணற்று நீரிலும் ஆழ்துளைக் கிணற்று நீரிலும் உள்ள உப்புகள் தகட்டைக் கெடுத்துவிடும். ஆவியாவது தண்ணீர்தான், அமிலம் அன்று. ஆதலால் "பேட்டரிக்கு ஆசிட் ஊற்றினேன்" என்பது அதன் ஆயுளைக் குறைத்த கதையே.

ஹைட்ரோமீட்டர் உள்ள பேட்டரிக் கடையில் ஆறு அறைகளையும் சோதிக்கச் சொல்லுங்கள். நிறைந்த பேட்டரியில் அடர்த்தி, தயாரிப்பைப் பொறுத்து 1.240 முதல் 1.280 வரை இருக்கும். 1.200க்குக் கீழ் என்றால் பாதிதான். ஆறும் ஒரே மாதிரி குறைந்திருந்தால் அது வெறும் பசி, சார்ஜ் செய்தால் தீரும். முழுக்கச் சார்ஜ் செய்த பின்னரும் ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தப் பேட்டரி முடிந்துவிட்டது. அப்போது தயங்காமல் மாற்றுங்கள். பழையதைக் காயலான் கடையில் உடைக்கக் கொடுக்க வேண்டாம். அதிலுள்ள ஈயம் நிலத்தையும் கிணற்றையும் பிள்ளைகளின் உடலையும் கெடுக்கும். பேட்டரிக் கடையில் திருப்பிக் கொடுத்தால் புதியதன் விலையில் கழித்துக் கொள்வார்கள்.

சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அருகில் பீடி பற்ற வைத்து, மூடி வெடித்து, கண்ணை இழக்க நேரிடலாம். அமிலம் தெறித்தால் உடனே ஏராளமான தண்ணீரில் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். கம்பிகளைக் கழற்றும்போது சட்டத்தோடு சேர்ந்த நெகட்டிவை முதலிலும், பூட்டும்போது அதையே கடைசியிலும் கையாள்வது தீப்பொறியைத் தவிர்க்கும்.

விற்பனைக் கூட வரிசையில் வண்டி நின்றேவிட்டால், பக்கத்து டிராக்டரின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து தடித்த கம்பிகளால் மின்சாரம் வாங்கலாம். வண்டிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. முதலில் பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ் இணைக்கவும். பிறகு நல்ல பேட்டரியின் நெகட்டிவிலிருந்து வரும் கம்பியை, படுத்த பேட்டரியில் வைக்காமல், அந்த வண்டியின் எஞ்சினில் பெயிண்ட் இல்லாத ஓர் இரும்புப் பகுதியில் பிடிக்கவும். உதவும் வண்டியைச் சற்று வேகமாக ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பின் செல்ஃப் அடிக்கவும். கிளம்பியதும் இணைத்த வரிசைக்கு நேர்மாறாகக் கழற்றவும். வீடு சேரும்வரை எஞ்சினை நிறுத்த வேண்டாம். மறுநாள் விடியற்காலையில் மறவாமல் முதல் அளவை எடுத்துப் பாருங்கள்.